தூசியின் காலம்

என் கட்டுரைகளில் சிலவற்றைத் தொகுத்துப் புத்தகமாகப் போட வேண்டும் என்று நண்பர் ஒருவர் விரும்புகிறார். டான் டிலில்லோவின் 'ஃபாலிங் மேன்' நாவல் (2007) பற்றிச் சில வருஷங்களுக்கு முன் நான் எழுதியதை முதலில் வைக்கலாம் என்பது அவர் யோசனை. திருத்தங்கள் இருந்தால் செய்து தரச் சொல்லிப் பிரதியை அனுப்பியிருந்தார். படித்தேன். வாக்கியப் பிழைகள் அதிகமில்லை. பிழை அடிப்படையிலேயே இருந்தது. நாவலின் முதல் பக்கங்களில் கவிந்து நிற்கும் தூசியை 'அழிவின் படிமம்' என்றும், 'அர்த்தம் பொடியாகிவிட்ட உலகின் குறியீடு' என்றும் வியந்திருக்கிறேன். அந்தத் தூசியை மனிதர்கள் மூச்சில் இழுத்தார்கள் என்ற ஸ்தூலமான விஷயம் பன்னிரண்டு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோது எழுந்த தூசியில் பொடியான கான்கிரீட் இருந்தது. ஜிப்சம், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் இருந்தன. காரம் மிகுந்த தூசி; தொண்டையை அரித்தது. இடிபாட்டுக் குவியல் டிசம்பர் வரை அடியில் எரிந்துகொண்டே இருந்ததால் புகையும் சேர்ந்துகொண்டது. குவியலில் வேலை செய்த தீயணைப்பு வீரர்களும் போலீஸாரும் மட்டும் அதைச் சுவாசிக்கவில்லை. சுற்றுப்புறத்துக் குடித்தனக்காரர்கள், ஆபீஸ்களைக் கூலிக்குப் பெருக்கித் துடைத்தவர்கள், அக்டோபர் 9 அன்று மறுபடி திறக்கப்பட்ட ஸ்டைவஸன்ட் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு கிடைத்தது. ஆஸ்பெஸ்டாஸும் படிகச் சிலிக்காவும் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் விஞ்ஞானத்துக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவசரப்படாமல் உண்டாக்கும். பதினைந்து வருஷம் ஆகலாம், முப்பதும் ஆகலாம். என் கட்டுரையில் விடுபட்டுப்போனது இந்தக் காலம்தான். நாவலிலும் அதுதான் விடுபட்டிருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நாவல் தொடங்கும்போது கீத் என்பவன் சாம்பலுக்குள்ளிருந்து வடக்கே நடந்து வருகிறான். முகத்தில் கண்ணாடிச் சில்லுகள். கையில் தன்னுடையதல்லாத ஒரு பெட்டி. பிரிந்து வாழும் மனைவியின் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். இந்தப் பகுதியின் உக்கிரத்தை இன்றும் மறுக்க மாட்டேன். பிறகு ஆஸ்பத்திரியில் சில்லுகளை எடுத்துக்கொண்டே டாக்டர் அவனிடம் ஒன்று சொல்கிறார். மனித வெடிகுண்டு வெடித்த இடத்தில் உயிர் தப்பியவர்களின் தோலில் மாதக்கணக்கில் கழித்துச் சில முடிச்சுகள் எழும்புவதுண்டாம். உள்ளே இருப்பது வெடித்தவனின் சதைத் துணுக்காம். அந்நியமான ஒரு பொருள் உடலுக்குள் புகுந்து, உறங்கி, வெகுநாள் கழித்து எழுந்திருக்கும் என்ற பிரக்ஞை டிலில்லோவுக்கு இருந்திருக்கிறது. அதை அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்பதுதான் வருத்தம். எதிரி நம் உடலுக்குள்ளேயே இருக்கிறான் என்ற சாமர்த்தியமான கருத்தாக அது முடிந்துவிடுகிறது. அன்று காலை கீத் உள்ளே இழுத்த காற்றில் கட்டிடத்தின் சுவரும் தரையும் மேஜையும் பொடியாகிக் கிடந்தன. அந்தக் காற்றுக்குக் கருத்தாகிற யோக்கியதை கிடைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்துக் கீத் லாஸ் வேகாஸில் போக்கர் ஆடிக்கொண்டிருக்கிறான். அவன் ஆன்மாவின் வெறுமை பற்றி நாவல் நிறையச் சொல்கிறது. நெஞ்சுக்கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதில் அதற்கு அக்கறை இல்லை.

மெதுவாகக் கொல்லும் நோயை எழுதத் தெரியாதவர் என்று சொல்லவும் வழியில்லை. இதே நாவலில் கீத்தின் மனைவி லியான், நினைவு அழிந்துகொண்டு வரும் முதியவர்களைக் கூட்டிவைத்து எழுதச் சொல்கிறாள். வாரா வாரம் ஒரு சொல் குறைந்து, ஒரு முகம் குறைந்து, கையெழுத்து கலைந்து போவதை டிலில்லோ அபாரமான பொறுமையுடன் எழுதியிருக்கிறார். அந்தப் பொறுமை அல்ஸைமருக்குக் கிடைத்தது, தூசிக்குக் கிடைக்கவில்லை. நாவல் கடைசியில் வட்டமடித்து மறுபடியும் அந்தக் காலைக்கே, சரிகிற கோபுரத்துக்கே திரும்பிவிடுகிறது. வட்டமான கட்டமைப்பு அழகாக இருக்கிறது என்று அன்று பாராட்டினேன். அதிர்ச்சிக்குள்ளான மனம் அந்தக் கணத்துக்கே திரும்பத் திரும்பப் போகும் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறேன். மனம் அப்படித் திரும்பலாம். நுரையீரல் திரும்புவதில்லை. அதன் காலம் நேர்க்கோட்டில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நாவல் அச்சாகி விற்றுக்கொண்டிருந்த 2007-லும் போய்க்கொண்டிருந்தது.

விசித்திரம் என்னவென்றால், இந்தக் காலத்துக்கு வடிவம் கண்டுபிடித்ததே டிலில்லோதான். அவருடைய 'வொய்ட் நாய்ஸ்' 1985 தொடக்கத்தில் வந்தது. போபாலில் விஷவாயு கசிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதற்கு முன்பே எழுதி முடித்த நாவல் அது. ரயில் டாங்கர் ஒன்று உடைந்து ஒரு ரசாயன மேகம் ஊரின் மேல் வருகிறது. ரேடியோ அந்த மேகத்துக்கு வைக்கும் பெயர் மாறிக்கொண்டே போகிறது. கடைசியில் ஓர் அதிகாரபூர்வமான, யாரையும் பயமுறுத்தாத பெயரில் வந்து நிற்கிறது. கதாநாயகன் ஜாக் கிளாட்னி காருக்குப் பெட்ரோல் போட இறங்கி இரண்டரை நிமிஷம் வெளியே நிற்கிறான். முகாமில் ஒரு கம்ப்யூட்டர்காரன் அவனைப் பற்றிய விவரங்களைத் தட்டிப் பார்க்கிறான். அந்த ரசாயனம் மனித உடலில் முப்பது வருஷம் தங்கும். பதினைந்து வருஷம் போனால் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்ல முடியும் என்கிறான். ஜாக் செத்துப்போகவில்லை. சாகமாட்டான் என்றும் சொல்வதற்கில்லை. சாவு அவன் மேல் ஒரு தரவாக ஏறிக்கொண்டுவிட்டது. பின்னால் ஒரு பரிசோதனையில் உடலுக்குள் தெளிவற்ற ஒரு திரள் இருப்பதாகவும் தெரிகிறது. நோய் வந்துவிட்டதா, வரப்போகிறதா, ரசாயனத்தால்தானா, வயதினாலா? இந்தக் கேள்விகளுக்கு நடுவில் ஒரு மனிதன் சூப்பர்மார்க்கெட் போய், பிள்ளைகளோடு டி.வி. பார்த்து வாழ்வதை டிலில்லோ கோமாளித்தனமும் பீதியும் கலந்து எழுதினார். கற்பனை மேகத்துக்கு இப்படி ஒரு காலத்தைக் கண்டுபிடித்த எழுத்தாளர், இருபத்திரண்டு வருஷம் கழித்து நிஜத் தூசியை எழுத வந்தபோது அதைக் கைவிட்டுவிட்டார். மரியாதை காரணமாக இருக்கலாம். நிஜமான மூவாயிரம் சாவுகளுக்கு முன்னால் 'வொய்ட் நாய்ஸ்' நாவலின் சிரிப்பு கூசியிருக்கலாம். என் அனுமானம் இவ்வளவுதான். ஆனால் சிரிப்போடு சேர்ந்து அந்தக் காலமும் போய்விட்டது.

இலக்கியத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. சட்டமும் முதலில் அப்படித்தான் இருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்க அரசு அமைத்த முதல் நஷ்டஈட்டு நிதி, காயம்பட்டவர் சம்பவம் நடந்த 12 மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்றது. மீட்புப் பணியாளருக்கு 96 மணி நேரம். விண்ணப்பம் வாங்குவது 2003 டிசம்பர் 22-ல் நின்றது. துன்பியல் நாடகத்துக்கு அரிஸ்டாட்டிலின் பெயரால் விதித்தார்களே கால ஒருமை, இட ஒருமை என்று, அவை ஓர் அரசாங்க விதியில் இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கிறது. நான் வங்கியில் குமாஸ்தா. குறித்த தேதியில் கணக்கை முடித்துப் பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது என் தினசரி வேலை. அங்கே பாக்கியைக் கொண்டுபோகாமலே பேரேட்டை மூடியிருக்கிறார்கள். 2011 ஜனவரியில் கையெழுத்தான சட்டம்தான் அதை மறுபடி திறந்தது. 2012-ல் புற்றுநோய்கள் பட்டியலில் சேர்ந்தன. பிறகு அதிகாரிகள், எந்த எழுத்தாளனும் உட்கார்ந்து யோசிக்காத ஒன்றை யோசிக்க வேண்டியிருந்தது: தூசி பட்டதற்கும் நோய் வந்ததற்கும் நடுவில் குறைந்தது எவ்வளவு காலம் இருக்க வேண்டும்? நுரையீரல் புற்றுநோய்க்கு நாலு வருஷம் என்று வைத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீஸோதீலியோமாவுக்குப் பதினோரு வருஷம். 2019-ல் நிதியின் ஆயுளை 2090 வரை நீட்டினார்கள். அன்று தொட்டிலில் கிடந்த குழந்தை தொண்ணூறு வயதை எட்டும் வரைக்கும் அந்தக் காலை நேரம் முடிந்துவிடவில்லை என்று அர்த்தம். 'ஃபாலிங் மேன்' நாவலின் கால உணர்வைவிட இந்தச் சட்டப்பிரிவின் கால உணர்வு விசாலமானது என்று சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் பார்த்த ஒரு புகைப்படம் உண்டு. ஏ.எஃப்.பி. நிறுவனத்தின் ஸ்டான் ஹோண்டா எடுத்தது. ஓர் இளம் பெண், தலை முதல் கால் வரை தூசி படிந்து, மஞ்சள் வெளிச்சத்தில் சிலை மாதிரி நிற்கிறாள். உலகம் அவளைத் 'தூசிப் பெண்' என்று அழைத்தது. படத்தில் தூசி அவளுக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் அது சிலை, அதனால்தான் படிமம். 2015-ல், நாற்பத்திரண்டு வயதில், வயிற்றுப் புற்றுநோயில் அவள் இறந்தாள். அந்தத் தூசியாலா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்த 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்பதுதான் விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். அதற்கு வருமுன் மூரியல் ரூகைசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1938-ல் வந்த அவருடைய 'யு.எஸ். 1' தொகுப்பில் 'த புக் ஆஃப் த டெட்' என்ற நீண்ட கவிதை வரிசை இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் கௌலி பிரிட்ஜ் பக்கத்தில் 1930-31-ல் மலையைக் குடைந்து ஒரு சுரங்கப் பாதை போட்டார்கள். பாறை ஏறக்குறைய சுத்தமான சிலிக்கா. ஈரப்படுத்தித் துளையிட்டால் தூசி அடங்கும், வேலை தாமதமாகும். எனவே காய்ந்த பாறையிலேயே துளையிட்டார்கள். உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பர்கள். சிலிக்கோசிஸில் இறந்தவர்கள் 476 என்று அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணையில் கணக்கு வந்தது. மார்ட்டின் செர்னியாக் 1986-ல் வெளியிட்ட நூலில் 764 என்று மதிப்பிட்டார். சுரங்கம் யாருக்காக என்றால் யூனியன் கார்பைடுக்காக. பிற்பாடு போபாலால் நாம் தெரிந்துகொண்ட அதே பெயர்.

ரூகைசர் 1936-ல் நேரில் போனார். அவர் எழுதியதைக் கவிதை என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு அப்போதும் தயக்கம், இப்போதும் தயக்கம். விசாரணைக் குழுவின் சாட்சியங்களை வெட்டி வரிகளாக அடுக்குகிறார். எக்ஸ்ரே படத்தைப் படிக்கும் டாக்டரின் பேச்சு வருகிறது. கம்பெனியின் பங்கு விலை, பத்திரிகையில் வந்தது போலவே எண்களாகக் கவிதைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த நாளில் அந்த எண்களைக் கவித்துவக் குறை என்றுதான் குறித்து வைத்திருந்தேன். இன்று, நியூயார்க்கை வைத்துக்கொண்டு படிக்கும்போது வேறு மாதிரித் தெரிகிறது. நியூயார்க் பங்குச் சந்தை 2001 செப்டம்பர் 17 அன்று மறுபடி திறந்தது. மறுநாள், 18 அன்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன், நகரத்தின் காற்றைச் சுவாசிப்பதில் ஆபத்து இல்லை என்று அறிவித்தார். அப்படிச் சொல்லப் போதுமான தரவு அன்று கையில் இல்லை என்றும், அறிக்கைகளில் எச்சரிக்கைகள் நீக்கப்பட்டு ஆறுதல்கள் சேர்க்கப்பட்டதில் வெள்ளை மாளிகைக்குப் பங்கு இருந்தது என்றும் அந்த நிறுவனத்தின் சொந்தத் தணிக்கை அதிகாரி 2003-ல் எழுதினார். விட்மன் 2016-ல் வருத்தம் தெரிவித்தார். ரூகைசர் கையில் இது கிடைத்திருந்தால் பதினேழையும் பதினெட்டையும் அடுத்தடுத்த இரண்டு வரிகளாக வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். விளக்கம் சொல்லியிருக்க மாட்டார். டிலில்லோவின் வாக்கியங்கள் ரூகைசருடையதைவிட நேர்த்தியானவை. அதைப் பற்றித் தகராறில்லை. ஆனால் தூசி எதனால் பறந்தது, யார் பறக்கவிட்டது, யார் பறக்கவில்லை என்றது என்ற அனுபவத் தளம் ரூகைசரில்தான் முழுசாக இருக்கிறது.

வரிசையில் ஒரு தாய் பேசும் கவிதை உண்டு. கணவனும் பிள்ளைகளும் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். எக்ஸ்ரே எடுக்கப் பணமில்லாமல் பிச்சை எடுத்ததைச் சொல்கிறாள். கடைசிப் பிள்ளை சாகும்போது, நான் செத்தபின் என்னைக் கிழித்துப் பார்க்கச் சொல், தூசிதான் கொன்றது என்று தெரிந்தால் உனக்குப் பணம் கிடைக்கும் என்கிறான். அந்தக் கவிதையை முதலில் படித்த அன்று அதற்குமேல் படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். இப்போது அதே இடத்தில் எனக்கு ஒரு விமர்சனக் கேள்வி எழுகிறது. அந்தப் பையனைக் கிழித்துப் பார்த்தால் தெரியும். சிலிக்கா நுரையீரலில் வடுவாக, முடிச்சாகத் தன் அடையாளத்தை விட்டுவைக்கும். எக்ஸ்ரேயில் விழும். ரூகைசரின் கவிதை முழுவதும் அந்தத் தடயத்தின் மேல் நிற்கிறது. சாட்சி, ஆவணம், படம் என்ற அவருடைய உத்தியே தடயம் இருப்பதால் சாத்தியமாகிறது. புற்றுநோய்க்கு அப்படி இல்லை. கட்டியை வெட்டி எடுத்துப் பார்த்தால் எந்த வகை என்று சொல்லலாம். தூசியா, சிகரெட்டா, வெறும் துரதிர்ஷ்டமா என்று அதன் மேல் எழுதியிருக்காது. பத்தாயிரம் பேரில் இத்தனை பேர் கூடுதலாக என்று சொல்ல முடியும். இவர் என்று சொல்ல முடியாது. எண்களும் எளிதாகப் பிடிகொடுப்பதில்லை. மீட்புப் பணியாளர்களைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் கூடுதலாகத் தெரிந்தவை தைராய்டு, பிராஸ்டேட் புற்றுநோய்கள். எல்லோரும் பயந்த நுரையீரல் அல்ல. தீயணைப்பு வீரர்கள் திடகாத்திரமானவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாகப் புகைப்பவர்கள் என்பதையும், நுரையீரலுக்கு அந்தக் காலம் போதாது என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்களைப் படிக்க வேண்டும்.

2011 சட்டம் ஒரு போலீஸ்காரரின் பெயரைத் தாங்கியது: ஜேம்ஸ் ஜட்ரோகா. 2006-ல் முப்பத்து நாலு வயதில் மூச்சுக்கோளாறில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை தூசிதான் காரணம் என்றது. 2007-ல் நியூயார்க் நகரின் தலைமைப் பிரேதப் பரிசோதனை அதிகாரி இல்லை, வேறு காரணம் என்றார். குடும்பம் அதை மறுத்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாசல் திறந்த சட்டத்தின் பெயரிலேயே ஒரு சந்தேகம் தங்கிவிட்டது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு இரங்கல் பாட முடியுமா? நம் கையறுநிலைப் பாட்டுகளில் இறந்தவன் யார் என்பதில் குழப்பம் கிடையாது. நடுகல்லும் அப்படித்தான். இன்னான், இன்ன சண்டையில் விழுந்தான் என்று பெயரும் செய்கையும் கல்லில் ஏற வேண்டும். நியூயார்க் நினைவிடத்தில் இரண்டு நீர்க்குளங்களைச் சுற்றி வெண்கலத்தில் 2,983 பெயர்கள். பின்னால் இறந்து பட்டியலில் சேர்க்கப்பட்டவர்கள் மூன்றே பேர். மற்றவர்களுக்காக 2019 மே 30 அன்று பக்கத்தில் ஒரு புல்வெளி திறந்தார்கள். கோபுர இரும்பு பதித்த ஆறு பெரிய கற்கள் தரையிலிருந்து சாய்வாக எழுந்து நிற்கின்றன. அவற்றில் பெயர் எதுவும் கிடையாது. படங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பெயரில்லாத கல் நேர்மையானது என்று முதலில் தோன்றியது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பாவனை செய்யவில்லை அல்லவா? யோசிக்க யோசிக்க, அது வசதியானதும்கூட என்று படுகிறது. பெயர் எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

நிறுத்தாமல் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நியூயார்க் தீயணைப்புத் துறையின் தலைமையகத்தில், தூசியின் நோய்களால் இறந்த தங்கள் ஆட்களின் பெயர்களைச் சுவரில் பொறித்து வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் தோறும் புதுப் பெயர்கள் சேர்கின்றன. அன்று ஒரே நாளில் அந்தத் துறை இழந்தது 343 பேர். 2023 செப்டம்பரில் நோயில் இறந்தவர்களின் எண்ணிக்கையும் 343-ஐத் தொட்டது. அந்தச் சுவரை ஒரு படைப்பாகவே படிக்க விரும்புகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் நிரூபணம் கேட்டுக்கொண்டு அது காத்திருக்கவில்லை. மூடப்படாத வடிவம். 'வொய்ட் நாய்ஸ்' கதாநாயகனின் காலத்தில் எழுதப்படுகிற ஒரே நிஜப் பிரதி இதுதான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் அவர்களுக்கு ஒரு துறை இருக்கிறது, சங்கம் இருக்கிறது, சுவர் இருக்கிறது. நஷ்டஈட்டுக்காக வரைந்த எல்லைக்கோடு கனால் தெருவை ஒட்டிப் போகிறது. அந்தத் தெரு சைனா டவுனுக்குள் ஓடுகிறது. அங்கே ஜன்னல் துடைத்தவளுக்கு, தினக்கூலிக்குக் கம்பளத்தை உதறியவனுக்கு யார் சுவர் எழுப்புவது? ரூகைசர் கௌலி பிரிட்ஜுக்குப் போனது அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான். அவர்களும் ஊர்பேர் பதியாதவர்கள். சிலரைச் சோளக் கொல்லையில் புதைத்திருந்தார்கள்.

தடயம் இல்லாத இடத்தில் ரூகைசரின் உத்தி எப்படி வேலை செய்யும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'வொய்ட் நாய்ஸ்' நாவலின் சிரிப்பைக் கைவிடாமல் இந்தச் சாவுகளை எழுத முடியும் என்றும், அதற்கு வேறு ஒருவர் வர வேண்டும் என்றும் மட்டும் படுகிறது. அந்தக் கம்ப்யூட்டர்காரனின் கணக்கை 2001-லிருந்து எண்ணினால் முப்பது வருஷம் 2031-ல் முடிகிறது.

நண்பருக்குப் பதில் போட்டுவிட்டேன். பழைய கட்டுரையில் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை, போடுவதானால் அப்படியே போடுங்கள், ஆனால் பின்னால் இதையும் சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். பக்கம் கூடுகிறதே என்கிறார்.